ஸேவாகாலமும் சாரீர ரக்ஷணமும்

மார்கழியில் நிகழும் அத்யயன உத்ஸவம் கோஷ்டியினரின் கண்டத்திற்கு ஒரு பரீக்ஷையாகும். ஏறக்குறைய மூன்று வாரத்தில் நாலாயிரமும் ஸேவிக்கப்பெறுகின்றன. பகல்பத்து முடியுமுன்னரே சிலருடைய குரல் கம்மிவிடுவதுண்டு. பனியின்மீது பழி கூறுவர். தன் சாரீரத்தின் இயல்பறியாது அதனை வருத்துவதே பெருங்காரணம்.

13-ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் இயற்றிய ஸங்கீத ரத்னாகரம், குரலைக் காஹுலம், நாராடம், பொம்பகம், மிச்ரகம் என நான்காகப் பகுக்கிறது. கபத்தால் அமைவது மென்மையும் இனிமையும் பொருந்திய காஹுலம். பித்தத்தால் அமைவது கம்பீரமான நாராடம். வாதத்தால் அமைவது வறண்ட பொம்பகம். இவற்றின் கலப்பே மிச்ரகம். தோஷங்களைக் கொண்டு பகுப்பதை இன்றைய வைத்தியர் ஏற்பதில்லை. ஆயினும் ஒருவர் குரல் மற்றொருவர் குரலாகாது என்பதில் ஐயமில்லை. மென்குரலுடையார் கம்பீரக் குரலுடையாரைப்போல் முழங்க முற்படுமிடத்தில்தான் கேடு தொடங்குகிறது.

குரல்வளையினுள் இரு மெல்லிய மடிப்புகள் உள. 1854-இல் மானுவல் கார்ஸியா என்னும் ஸங்கீத ஆசிரியர் சிறு கண்ணாடியின் துணையால் அவற்றைத் தம் கண்டத்திலேயே கண்டார். ஆடவர் பேசும்போது அவை நொடிக்கு நூறு முறைக்கு மேல் மோதுகின்றன. ஸ்தாயி உயர மோதல் பெருகும். உரத்துக் கூவினால் அதன் வன்மையும் மிகும். இது நெடுநாள் நீடிப்பின் மடிப்பின் விளிம்பு காய்த்துக் குரல் கரகரக்கும். அடிக்கடி கனைப்பதும் அவ்வாறான மோதலே. வெந்நீரைச் சிறிது சிறிதாகப் பருகுவதும், கோஷ்டி முடிந்தபின் மௌனமாயிருப்பதும் நலம். கம்மல் மூன்று வாரம் கடந்தும் தீராதாயின் கஷாயத்தோடு நில்லாமல் தொண்டை வைத்தியரைக் காண்க.

பாணினீய சிக்ஷை காலையில் மார்பினின்று எழும் புலியின் நாதம்போலவும், நண்பகலில் கண்டத்து எழும் சக்ரவாகத்தின் ஒலிபோலவும், அதற்குப்பின் சிரஸ்ஸினின்று எழும் மயில், அன்னம், குயில் இவற்றின் ஒலிபோலவும் ஓதுமாறு விதிக்கிறது. அது வேதாத்யயனத்திற்கு ஏற்பட்ட விதி. எனினும் உறக்கத்தால் கனத்திருக்கும் மடிப்புகளுக்கு விடியலில் தாழ்ந்த ஸ்வரமே இசையும். திருப்பள்ளியெழுச்சியையே உச்சத்தில் எடுத்துக் கொடுப்போர் இதனைச் சிந்திப்பாராக. ஒலிபெருக்கி வந்தபின்னும் கூவுவானேன்?

பாலர் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். மீசை அரும்பும் பருவத்தில் குரல் உடைகிறது. அதனைச் சிக்ஷை இகழும் அல்பகண்டமென்று எண்ணி, பழைய ஸ்தாயியிலேயே சொல்லும்படி அதட்டினால், பிள்ளை வெட்கி அத்யயனத்தையே விட்டுவிடக்கூடும். ஓரிரு ஆண்டில் புதுக்குரல் நிலைபெறும். அதுவரையில் பின்வரிசையில் இருத்தி, தாழ்ந்த ஸ்தாயியில் வாய்க்கு எட்டியவளவு சொல்லச் செய்வதே முறை.