நாட்டுக்கோழியின் இரத்தம் சொல்வது

“நாட்டுக்கோழிக்கு நோவே வராதுங்க. மருந்தெல்லாம் பண்ணைக் கோழிக்குத்தான்.” மலேசியாவின் ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்ட லயங்களில் நெடுநாளாக உள்ள நம்பிக்கை இது. வெயிலையும் மழையையும் தாங்கித் திரியும் கோழியைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் வெள்ளைக்கழிச்சல் புகுந்துவிட்டால் ஒரு வாரத்தில் கொல்லை வெறிச்சோடிவிடும். மலாயில் சம்பார் ஆயாம் எனப்படுவது இதுதான். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசலிலும் கண்டறியப்பட்ட நோய். ஆஸ்திரேலியாவில் கிடைத்த, இந்நோயின் வி4 கிருமியிலிருந்து வெப்பம் தாங்கும் வகையைத் தேர்ந்து, தீவனத்தில் கலந்து தரும் தடுப்பு மருந்தாக்க 1980களில் செர்டாங்கிலிருந்த வேளாண் பல்கலைக்கழகத்தில் ஐனி இடெரிஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் உழைத்தார்கள். கம்போங் கோழிகள் கூட்டம் கூட்டமாய்ச் செத்ததால்தான் அந்த உழைப்பே தேவைப்பட்டது.

மருந்து பிடித்ததா என்று கோழியைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருளை அளக்க வேண்டும். அதற்கு இன்று பரவலாக உள்ள முறை, 1971இல் அறிமுகமான எலைசா. 96 குழிகள் கொண்ட தட்டில் கிருமியின் புரதம் பூசியிருக்கும். கோழியின் சீரத்தை ஊற்றினால் எதிர்ப்பொருள் அதில் ஒட்டிக்கொள்ளும். கழுவிவிட்டு, கோழி எதிர்ப்பொருளைப் பற்றும் நொதி கலந்த திரவத்தைச் சேர்த்து, நிறம் எவ்வளவு ஏறுகிறது என்று கருவி பார்த்து எண்ணாகத் தரும். மனிதருக்கான சோதனைப் பெட்டி இதற்கு உதவாது. கோழியின் முக்கிய எதிர்ப்பொருளான ஐஜிஒய் நம்முடையதிலிருந்து வேறுபட்டது. நம்முடையதைப் பிடிக்கும் திரவம் அதைப் பிடிக்காது.

அதிகம் குழப்புவது அந்த எண்தான். “எண் பெரிசா வந்திருக்கு, கோழிக்கு நோய்” என்று பதறுவோரும் உண்டு, “இனிக் கவலையில்லை” என்று நிம்மதி அடைவோரும் உண்டு. இரண்டுமே அவசரம். வழக்கமான எலைசாவில், எதிர்ப்பொருள் மருந்தால் வந்ததா, நோயால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. கண்ணில் சொட்டும் உயிருள்ள மருந்து, மூச்சுக்குழாயிலும் கண்ணிலும் காப்பு தந்தும் இரத்தத்தில் எண்ணைக் குறைவாகக் காட்டலாம். ஒரு கோழியின் ஒரு நாள் எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். பல கோழிகளில் எடுத்து, இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி எடுத்தால், எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரியும். பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.

“குஞ்சு பொரிச்ச அன்னிக்கே மருந்து குடுத்தா நல்லது” என்பதும் எல்லா நோய்க்கும் பொருந்தாது. தாய்க்கோழி தன் எதிர்ப்பொருளை மஞ்சள் கருவழியே குஞ்சுக்குக் கொடுத்தனுப்புகிறது. குஞ்சுகளைத் தாக்கும் கம்போரோ நோயில் அது அதிகமாயிருந்தால் உயிருள்ள மருந்தை முறித்துவிடும். தாய் தந்தது ஏறத்தாழ நான்கைந்து நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அளந்து பார்த்து நாள் குறித்தால் மருந்து வீணாகாது.

இரத்தம் எடுக்கக் கோழிக்கு ஊசி குத்த மனம் ஒப்பாதவர்கள் முட்டையைக் கொண்டே இந்தச் சோதனையைச் செய்யலாம். மஞ்சள் கருவிலிருந்து பிரித்தெடுக்கும் எதிர்ப்பொருளையும் எலைசா அளக்கும்.