ரத்த வகையும் சர்க்கரைச் சங்கிலியும்

கேள்வி: ஒருவருடைய ரத்தம் மற்றொருவருக்கு ஒவ்வாமற் போவதற்குச் சர்க்கரையே காரணம் என்கிறார்களே; நீரிழிவுக்காரர்கள் அளந்து பார்க்கும் சர்க்கரைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: இல்லை. அவர்கள் அளப்பது ரத்தத்தில் தனியே கரைந்து திரியும் குளுக்கோஸ். ரத்த வகையை நிர்ணயிப்பனவோ, சிவப்பணுவின் மேற்பரப்பிலுள்ள புரதங்களோடும் கொழுப்புப் பொருள்களோடும் ரசாயன முறையில் பிணைந்து, வெளிப்புறம் நோக்கி நீண்டிருக்கும் சிறு சர்க்கரைச் சங்கிலிகள். அச்சங்கிலியின் நுனியில் ஃப்யூகோஸ் என்ற சர்க்கரை சேரும்போது 'எச்' என்னும் அடிப்படை அமைப்பு உண்டாகிறது. அதனோடு அசிட்டைல் கேலக்டோசமைன் சேருமாயின் 'ஏ' வகையும், கேலக்டோஸ் சேருமாயின் 'பி' வகையும், இருவிதச் சங்கிலிகளும் இருக்குமாயின் 'ஏபி' வகையும், மேற்கொண்டு எதுவுமே சேராவிடில் 'ஓ' வகையும் ஆகின்றன. இவற்றைச் சேர்த்துவைக்கும் என்சைம்கள் பெற்றோர் வழியாக நமக்கு வரும் பிதிரார்ஜிதம்.

வியன்னாவில் 1901-ல் இவற்றுள் 'ஏபி' நீங்கலான மூன்று வகைகளைப் பிரித்தறிவித்த கார்ல் லாண்ட்ஸ்டெய்னருக்கு 1930-ல் நோபல் பரிசு கிடைத்தது. 'எச்' அமைப்பே இல்லாத அபூர்வ ரத்தம் 1952-ல் பம்பாயில் கண்டறியப்பட்டு, அவ்வூர்ப் பெயராலேயே வழங்குகிறது. சாதாரணப் பரிசோதனையில் அது 'ஓ' போலத் தோன்றினாலும், அதை உடையவருக்கு, 'எச்' அமைப்புள்ள 'ஓ' ரத்தமும் விஷமாகும்.

ரத்த வகையோடு இத்தகைய சங்கிலிகளின் பிரயோஜனம் முடிந்துவிடவில்லை. புரதங்கள் உரிய வடிவில் மடிவதற்கும், அணுக்கள் ஒன்றையொன்று இனங்கண்டு ஒட்டுவதற்கும் துணைநிற்கும் இவற்றுள் சிலவற்றின் நுனியிலுள்ள சியாலிக் அமிலத்தைப் பற்றிக்கொண்டுதான் இன்ஃப்ளூயன்ஸா வைரஸ் நம் சுவாசப் பாதையின் அணுக்களுக்குள் பிரவேசிக்கிறது.