சந்திரமதி என்ன கேட்கிறாள்?

சுன்னாகம்.

அன்பு மகளுக்குப் பெரியப்பா எழுதுவது.

கல்லடி சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தின் செயன்முறைப் பரீட்சைக்கு நீ ஆயத்தப்படுகிறாய் என்று அம்மா சொன்னா. அரிச்சந்திரன் கதையின் மயான காண்டத்தில் சந்திரமதியைத் தெரிவு செய்திருக்கிறாயாம். சந்தோசம். ஆனால் தமிழ்த்தினப் போட்டியில் செய்ததுபோல அங்கே செய்துவிடாதே. போட்டியில் கண்ணீருக்குக் கைதட்டல் விழும். பரீட்சகர்களோ காலையிலிருந்து அழுகையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சந்திரமதி சுடலைக்கு வந்தது பிள்ளையை எரிக்க. காவல்காரன் கூலி கேட்கிறான். கையில் காசில்லை. அவன்தான் புருஷன் என்பதும் தெரியாது. அவன் மனம் எங்கே இளகும் என்று தேடித்தேடிக் கெஞ்சுகிறாள். ஒவ்வொரு வரியிலும் அவனிடம் என்ன கேட்கிறாய் என்று கொப்பியில் எழுதிப் பார். எழுத வராத வரி உனக்கு இன்னும் விளங்காத வரி. பிறகு, கழுத்துத் தாலியை விற்றுத் தா என்கிறான். அந்தத் தாலி கட்டியவன் கண்ணுக்கு மட்டுமே தெரிவது! அந்த இடத்தில் உடனே பாடத் தொடங்காதே. ஒரு மூச்சு நில். அந்த ஒரு மூச்சுக்காகத்தான் நான் இவ்வளவும் எழுதுகிறேன்.

செத்த பிள்ளையை ஏந்தி வருகிற கனம் தெரிய, பத்துக் கிலோ அரிசியைப் பழஞ்சீலையில் சுற்றி, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு முற்றத்தில் நடந்து பாடு. மூச்சு எங்கே முட்டுகிறது, முழங்கை எப்போது இறங்குகிறது என்று கவனி. பிறகு வெறுங்கையோடு, அதே கனத்தோடு செய்.

நடிகமணி வி.வி. வைரமுத்துவின் பதிவுகளைக் கேள். 1989இல் அவர் மறைந்த பிறகும் அரிச்சந்திரன் என்றால் எங்கள் ஊர்களுக்கு அந்தக் குரல்தான். ஆனால் அவருடைய சுதியை எட்டப் பார்க்காதே. உன் தொண்டைக்கு இசைந்த சுதியில் எடு. சொல் தெளிவாய்க் கேட்கவேணும்.

சேர்ந்து நடிக்கச் சொன்னால், பக்கத்தில் நிற்கிற பிள்ளை சொல்வதை வடிவாய்க் கேட்டுவிட்டு வாய் திற.

நாடகங்களைப் பற்றியும் கேட்கக்கூடும். குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார், 1985இல் ‘மண் சுமந்த மேனியர்’ மேடையேறியது என்று ஒப்புவிப்பது எழுத்துப் பரீட்சைக்குக் காணும். இங்கே, அந்த நாடகத்தில் எந்த இடம் உன்னைத் தொட்டது, ஏன் என்று உன் வாயால் சொல்லவேணும். கோயில் திருவிழாவில் பார்த்த காத்தவராயன் கூத்தானாலும் கூச்சமில்லாமல் சொல். பார்க்காததைப் பார்த்தேன் என்றால் அடுத்த கேள்வியிலேயே பிடிபடும்.

முதல்நாளே மட்டக்களப்புக்குப் போய்ச் சேர். இரவு பஸ்ஸால் இறங்கி நேரே போனால் குரல் திறவாது. சண்முகலிங்கத்தாரின் நாடகப் புத்தகம் என் அலுமாரியில் இருக்கிறது. சனிக்கிழமை பின்னேரம் வந்து எடு. காவல்காரனாக நான் நிற்கிறேன், என்னிடம் கேட்டுப் பார்.

அன்புள்ள,
பெரியப்பா