நெடும்பயணத்தில் கார் நின்றுவிட்டால்

தீபாவளிக்கு உறவினரைக் காண நெடுஞ்சாலையில் செல்லும்போது, 1 மணி நேரம் நன்றாக ஓடிய பழைய கார் நின்றுவிடுவதுண்டு. ஆறியபின் மீண்டும் ஓடும். காரணத்தை நாம் படிப்படியாக ஆராய்வோம்.

முதலில் காரை அவசரத் தடத்தில் நிறுத்தி, எச்சரிக்கை விளக்கை எரியவிட்டு, குடும்பத்தாரைத் தடுப்புக் கம்பிக்கு அப்பால் நிற்கச் செய்தல் வேண்டும்.

அடுத்து, பெட்ரோல் தொட்டியின் மூடியைத் திறப்போம். காற்று உஸ்ஸென்று பலமாக உள்ளே இழுக்கப்பட்டு, உடனே இயந்திரம் ஓடத் தொடங்கினால், மூடியின் காற்றுத் துளை அடைபட்டுள்ளது எனலாம். தொட்டிக்குள் காற்று புகாவிடில் பெட்ரோல் வெளிவராது.

கார் குலுங்கி, வேகங்குறைந்து நின்றால் பெட்ரோல் வடிகட்டியில் அழுக்கு இருக்கலாம். விளக்கை அணைத்தாற்போல் சட்டென நின்றால், வெப்பமேறிய இக்னிஷன் காயிலை ஐயுறலாம்.

மீண்டும் ஓடுவதால் குறை நீங்கிவிட்டதென எண்ணலாகாது. பட்டறையில் பழுதுபார்த்த பின்னரே நெடும்பயணத்தைத் தொடர்வோம்.