பதறாத காரியம் சிதறாது

தீபாவளி நெருங்கிவிட்டால் ஜொகூர் பாருவின் ஜாலான் உங்கு புவான் பகுதி களைகட்டிவிடும். புத்தாடை, பலகாரம், தோரணம் என்று கடைதோறும் மக்கள் கூட்டம் அலைமோதும். அதே வேளையில் இன்னொரு சந்தையும் சூடுபிடிக்கிறது. அது திறன்பேசித் திரையில் நடக்கும் இயங்கலைச் சந்தை. வாங்குவோர் பெருகும் இடத்தை ஏமாற்றுவோரும் நாடி வருகின்றனர்.

ஸ்கூடாயில் வசிக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தீபாவளிக்கு இன்னும் ஆறு நாள்களே உள்ளன. அம்மா இயங்கலையில் வாங்கிய சேலை வந்து சேரவில்லை. அந்நேரத்தில் அவருக்கு ஒரு மின்னஞ்சல் வருகிறது. ‘உங்கள் பொட்டலம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. 2 ரிங்கிட் 90 சென் கட்டணத்தை இரண்டு மணி நேரத்திற்குள் செலுத்தாவிட்டால் பொருள் திருப்பி அனுப்பப்படும்’ என்று அதில் எழுதியிருக்கிறது. அதன் கீழே ஓர் இணைப்பு. அம்மாவின் விரல் அதை அழுத்தப் போகிறது.

“அம்மா, கொஞ்சம் பொறுங்க. சேலை வாங்கின செயலியிலேயே பார்த்திடலாமே!” என்கிறாள் மகள்.

“மூனு வெள்ளிகூட இல்லையே! இதுக்குப் போய் யாரு ஏமாத்தப் போறாங்க?” என்கிறார் அம்மா.

செயலியைத் திறந்தால் பொட்டலம் வழக்கம்போல் வந்துகொண்டிருக்கிறது. கட்டணம் எதுவும் கேட்கப்படவில்லை.

அம்மாவின் கேள்வி நியாயமானதுதான். ஆனால், மோசடிக்காரரின் குறி அந்த மூன்று வெள்ளி அன்று. இணைப்பை அழுத்தினால், உண்மையான நிறுவனத்தின் பக்கத்தைப் போலவே அமைக்கப்பட்ட போலிப் பக்கம் திறக்கும். அங்குத் தட்டச்சு செய்யப்படும் வங்கி அட்டை எண், கடவுச்சொல் ஆகியவை நேராக மோசடிக்காரரின் கைக்குப் போகும். அவர் உடனே வேறோரிடத்தில் பெருந்தொகைக்கு அந்த அட்டையைப் பயன்படுத்துவார். வங்கி அனுப்பும் டிஏசி எண்ணையும் அதே போலிப் பக்கம் கேட்டு வாங்கிக்கொள்ளும். சிறு தொகை என்பது புழு. வங்கிக் கணக்கே மீன்.

இவ்வகை மோசடிக்கு ‘பிஷிங்’ என்று பெயர். மீன்பிடித்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் எழுத்தைச் சற்று மாற்றி அமைத்த சொல் இது. 1990களில் அமெரிக்கா ஆன்லைன் எனும் இணையச் சேவையின் பயனர்களிடம் கடவுச்சொற்களைத் திருடியபோது இச்சொல் பரவியது. 2000ஆம் ஆண்டில் பேபால் எனும் பணச் சேவையின் பயனர்கள் குறிவைக்கப்பட்டனர். அதன் ஆங்கிலப் பெயரின் கடைசி எழுத்தான சிறிய ‘எல்’லுக்குப் பதிலாகப் பெரிய ‘ஐ’ எழுத்தை இட்டுப் போலி முகவரி ஒன்று உருவாக்கப்பட்டது. திரையில் இரண்டும் ஒரே கோடு போலவே தெரியும். இன்றும் இந்த உத்தி மறையவில்லை. ஆங்கில ‘ஆர்’, ‘என்’ ஆகிய இரண்டையும் நெருக்கி எழுதினால் ‘எம்’ போலத் தோன்றுவதையும் மோசடிக்காரர்கள் பயன்படுத்துகின்றனர்.

போலி மின்னஞ்சலை அடையாளம் காணச் சில வழிகள் உள்ளன. முதலாவது, அனுப்புநரின் முகவரி. பெயர் இருக்கும் இடத்தில் எவரும் எந்த நிறுவனத்தின் பெயரையும் இட்டுக்கொள்ளலாம். ஆகவே, பெயரை மட்டும் நம்பாமல் முழு மின்னஞ்சல் முகவரியையும் பார்க்க வேண்டும். இரண்டாவது, செய்தியின் விவரம். வாங்கிய பொருளின் பெயரோ கொள்முதல் எண்ணோ இல்லாமல், ‘அன்புள்ள வாடிக்கையாளரே’ என்று பொதுவாகத் தொடங்கும் மின்னஞ்சலை ஐயத்துடன் அணுக வேண்டும். மூன்றாவது, கேட்கப்படும் தகவல். கடவுச்சொல்லையும் டிஏசி எண்ணையும் எந்த வங்கியும் மின்னஞ்சல்வழி கேட்பதில்லை. நான்காவது, அவசரம். ‘இன்றே கடைசி’, ‘கணக்கு முடக்கப்படும்’ போன்ற சொற்கள் வாசிப்பவரைச் சிந்திக்கவிடாமல் செய்கின்றன.

எழுத்துப்பிழை இருந்தால்தான் போலி என்று எண்ணுவது தவறு. செயற்கை நுண்ணறிவின் உதவியால் இன்று பிழையின்றி எழுதிவிட முடிகிறது. இணையப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் இருப்பதும் சான்றாகாது. அனுப்பப்படும் தகவலை வழியில் பிறர் படிக்க முடியாது என்பதையே அச்சின்னம் காட்டுகிறது. பக்கத்தின் உரிமையாளர் நேர்மையானவர் என்று அது சொல்வதில்லை. ஆகவே, மின்னஞ்சலில் உள்ள இணைப்பைத் தொடாமல், செயலியையோ நிறுவனத்தின் அகப்பக்கத்தையோ நேரடியாகத் திறந்து பார்ப்பதே பாதுகாப்பான வழி. ஸ்கூடாய் மகள் செய்ததும் அதுவே.

சந்தேகத்திற்குரிய மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடுவதோடு கடமை முடிந்துவிடாது. மின்னஞ்சல் சேவையிலேயே அதைப் ‘பிஷிங்’ என்று புகார் செய்யலாம். சைபர் செக்கியூரிட்டி மலேசியா நடத்தும் சைபர்999 உதவி மையத்திற்கும் 1-300-88-2999 எனும் எண்ணில் தெரிவிக்கலாம். ஒருவர் செய்யும் புகார், அதே தூண்டிலுக்கு அருகில் நிற்கும் பலரைக் காப்பாற்றக்கூடும்.

விவரங்களைக் கொடுத்துவிட்டாலோ பணம் பறிபோனாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. வங்கியின் 24 மணி நேர எண்ணுக்கோ 997 எனும் எண்ணுக்கோ உடனே அழைக்க வேண்டும். 997, 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி மறுமொழி மையத்தின் எண்ணாகும். காவல்துறை, பேங்க் நெகாரா, மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் முதலியவை இதில் இணைந்து செயல்படுகின்றன. திருடப்பட்ட பணம் பிறரின் கணக்குகள் வழியாகக் கைமாறிக்கொண்டே போகும். அது கடைசிக் கணக்கைவிட்டு வெளியேறும் முன் முடக்குவதே இம்மையத்தின் நோக்கம். அழைத்த பின், மின்னஞ்சலையும் திரைப்பிடிப்புகளையும் சான்றாகக் கொண்டு அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் அளிக்க வேண்டும்.

ஆனால், ஏமாந்தவர் பலர் வாய் திறப்பதில்லை. ‘படித்தவர் இப்படி ஏமாறலாமா?’ என்ற ஏளனத்திற்கு அஞ்சி, குடும்பத்தாரிடம்கூட மறைக்கின்றனர். அந்த மௌனம் மோசடிக்காரருக்குக் கிடைக்கும் கூடுதல் அவகாசம். ஏமாறுவது அறியாமையால் மட்டும் நேர்வதன்று; களைப்பு, கவலை, எதிர்பார்ப்பு என்று எல்லாருக்கும் வரும் பலவீனமான நொடியைத்தான் தூண்டில் தேடுகிறது. ஆதலால், வீட்டில் ஒருவர் ஏமாந்துவிட்டால் முதலில் ஏச்சு வரக்கூடாது; தொலைபேசிதான் கைக்கு வர வேண்டும்.

‘பதறாத காரியம் சிதறாது’ என்றனர் முன்னோர். மின்னஞ்சலைத் திறக்கும்போது நிதானமும், தவறு நேர்ந்தபின் தயங்காத விரைவும் இருந்தால், உழைத்துச் சேர்த்த பணம் கைவிட்டுப் போகாமல் காக்கலாம்.