வாசலுக்கு வந்தவனை எழுதப்போகும் பிள்ளைக்கு

பிள்ளை, மர்ம நாவல் எழுதப்போவதாகச் சொன்னாய். இனிக்கப் பேசும் அந்நியன் ஒருவன் பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு குடும்பத்துக்குள் நுழைகிறான். நாள் போகப்போக அந்தக் குடும்பத்தையே நெருக்குகிறான். நல்ல கரு. ஆயுள் முழுக்க எழுதியும் வாசித்தும் எனக்குத் தங்கியதை உனக்குச் சொல்கிறேன். வேண்டியதை எடுத்துக்கொள்.

1. முதலில் குடும்பத்தை நேசி. கெட்டவனை உருவாக்கும் ஆசைதான் எல்லோருக்கும் முந்திக்கொண்டு வரும். கொஞ்சம் பொறு. வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு ஓடும் அவசரத்தில் யாருக்கு ரொட்டி மிஞ்சுவதில்லை, இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி யாருடைய காலடிக்குக் காது கொடுத்திருக்கிறாள் என்பதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பழைய லய வரிசையில் ஒரு குடும்பத்துக்குப் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிரா. அதற்குள் வெளியாள் ஒருவன் படுத்தால், வீட்டில் யாரோ ஒருவர் தன் இடத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார். அவரைக் கண்டுபிடி. உன் கதை அங்கே தொடங்குகிறது.

2. அந்தக் குடும்பத்தை ஏமாளியாக்காதே. எல்லவுக்குப் போகிறவர்கள் இராவணன் அருவியையும் குகையையும் பார்க்கிறார்கள். இராவணன் சீதையை அங்கே மறைத்துவைத்தான் என்பது ஐதிகம். அவன் சீதையின் குடிலுக்கு எப்படி வந்தான் என்று யோசி. பத்துத் தலையைக் காட்டவில்லை. பிச்சை கேட்கும் தவசியாக வந்தான். விருந்தோம்பும் அறம்தான் அவனுக்கு வழிவிட்டது. வந்தவருக்கு ஒரு வாய் சாயத்தண்ணி கொடுக்காமல் அனுப்பாத சனம் நம்முடையது. அந்த நல்ல குணத்தின் வழியாகவே உன் அந்நியன் உள்ளே வரட்டும். வாசிப்பவர் சிரிக்காமல் பதறுவார்.

3. இனிக்கும் பேச்சுக்கு இந்த மலையில் வரலாறு உண்டு. தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆசைகாட்டி ஆள் சேர்த்த கங்காணி, பல நேரம் ஊர்க்காரனாக, உறவுக்காரனாகத்தான் போனான். முன்பணம் கொடுத்தான்; வழிச்செலவும் கடனாயிற்று. பிறகு ‘துண்டு’ வந்தது: கடனை அடைத்தால் ஆட்களை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. 1921இல் சட்டம் அதை ஒழிக்கும்வரை, அந்தத் தாளை வைத்தே குடும்பங்கள் தோட்டம் மாறின. சிறுவயதில் பெரியவர்களிடம் இதைக் கேட்டபோது எனக்கு ஒன்று புரிந்தது: அடித்தவனை வைது ஆற்றிக்கொள்ளலாம், தாளால் கட்டிப்போட்டவனை என்ன செய்வது? கத்தியைக் காட்டிப் பயமுறுத்துவது சுலபம். ஒரு தாளைக் காட்டிப் பயமுறுத்தக் கற்றுக்கொள்.

4. உண்மையைக் கடைசிவரை பதுக்காதே. ஹிட்ச்காக்கின் 1943ஆம் ஆண்டுப் படம் ‘ஷேடோ ஆஃப் எ டவுட்’ கிடைத்தால் பார். சாண்டா ரோசா என்ற ஊருக்கு ரயிலில் ஒரு தாய்மாமன் வருகிறான். எல்லோருக்கும் பரிசு கொண்டுவருகிறான். விதவைகளைக் கொன்றவன் இவன்தானோ என்ற சந்தேகம் நமக்கும், அவன் பெயரையே தாங்கிய மருமகளுக்கும் வந்துவிடுகிறது. ஆனால் தம்பி வந்த மகிழ்ச்சியில் இருக்கும் அம்மாவிடம் அதை எப்படிச் சொல்வாள்? பாசம் அவள் வாயைக் கட்டுகிறது; நம் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஒளித்துவைப்பவன் வாசகனை ஒருமுறை திடுக்கிடச் செய்வான். முன்பே சொல்லிவிடுபவன் அவனை இரவெல்லாம் தூங்கவிடமாட்டான்.

5. மண்ணுக்கு உண்மையாயிரு. கொழும்பிலிருந்து வரும் மலைநாட்டு ரயில்பாதை 1924 முதல் பதுளையில்தான் முடிகிறது. கடைசி நிலையத்தில் பெட்டியோடு இறங்குகிறவனைப் பார்த்ததும், இவன் யாரைத் தேடி வந்தான் என்று வாசகன் கேட்பான். பதுளை அடங்கிய ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர்வரை வீசுவது காய்ந்த காற்று. ஊவாத் தேயிலையின் பேர்பெற்ற வாசம் அந்தப் பருவத்தில்தான் சேர்கிறது. ஆகஸ்டில் நடக்கும் கதையில் அடைமழையைக் கொட்டாதே. கூரைத் தகரம் இரவில் அடித்துக்கொள்ளும் சத்தம் போதும். மழைக்காலத்தில் நடந்தால், அந்த மழையை அலங்காரமாக்காதே. 2014 அக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அதை அறிந்தவர்களுக்கு மழைச்சத்தமே பயம்.

6. சனத்தின் துயரத்தைக் கிளுகிளுப்பாக்காதே. இன்றைய அந்நியன் தரகனாக வருகிறான். கொழும்பில் நல்ல வீடு, வெளிநாட்டில் நல்ல சம்பளம் என்கிறான். பிள்ளையின் படிப்பைப் பற்றி அக்கறையாக விசாரிக்கிறான். மலையகத்திலிருந்து தரகர் மூலம் கொழும்புக்கு வீட்டுவேலைக்குப் போன சிறுமி ஒருத்தி 2021 ஜூலையில் தீக்காயங்களோடு இறந்தாள். நியாயம் கேட்டு மலையக மக்கள் தெருவுக்கு வந்தார்கள். இந்த நெருப்பின் அருகில் நீ எழுதுகிறாய். காயத்தை விவரித்து விறுவிறுப்பு ஏற்றாதே. மகளை அனுப்பிவிட்டுத் தொலைபேசி அழைப்புக்குக் காத்திருக்கும் தாயை எழுது.

7. அந்நியனுக்கு இனத்தைப் பூசாதே. 1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான வன்செயலில் பதுளையும் எரிந்தது. அந்த நாட்களில் தமிழர் வீட்டுக் கதவை உடைத்தவர்கள் இருந்தார்கள். தமிழரைத் தம் வீட்டில் ஒளித்துக் காத்த சிங்கள அயலவர்களும் இருந்தார்கள். மொழியைக் கேட்டு மனிதனை அளக்கிற எழுத்து, ஊருக்குள் இன்னொரு தீயை வைக்கும். வஞ்சகம் ஒருவனுடைய குணம். அதை அவனுடைய செயலில் காட்டு.

8. மீட்பை வெளியிலிருந்து இறக்காதே. கடைசி அத்தியாயத்தில் ஜீப்பில் வந்து இறங்கும் அதிகாரி, அந்தக் குடும்பம் பட்ட பாட்டையெல்லாம் தன் பெயரில் எழுதிக்கொள்வார். தண்ணீர்ப் பீலியடியில் பெண்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறாய் அல்லவா? ஒருத்தி பார்த்ததையும் இன்னொருத்தி கேட்டதையும் சேர்த்துவைத்தால், எந்த வேஷமும் நெடுநாள் நிற்காது. ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டத்தில் 1934இல் பிறந்த எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் தம் வாழ்நாளெல்லாம் இந்த மக்களை எழுதினார்; 2013இல் விஷ்ணுபுரம் விருது அவரைத் தேடி வந்தது. எழுத உட்காருமுன் அவரை வாசி. நம் சனத்தின் அறிவை எப்படி மதிப்பது என்று தெரியும்.

இனி எழுதத் தொடங்கு, பிள்ளை. அவசரப்படாதே, பாதியில் விடாதே. உன் கதையை வாசித்த ஒரு தாய், அடுத்த முறை இனிக்கப் பேசி வருபவனுக்குச் சாயத்தண்ணி கொடுத்துவிட்டு, கையெழுத்துப் போடுமுன் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டால், நீ எழுதியது வீண்போகவில்லை.