உற்பத்தி மேற்செலவைப் பகிர்தல்: பழைய முறையும் செயல்வழி முறையும்

திருவனந்தபுரம் பேரூர்க்கடையில் அமைந்த இந்துஸ்தான் லேடெக்ஸ் நிறுவனம், மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனமாக 1966ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதிவு செய்யப்பெற்றது. ஜப்பானின் ஒகாமோட்டோ நிறுவனத்தின் தொழில்நுட்ப ஒத்துழைப்புடன் 1969 ஏப்ரலில் அங்கு ஆணுறை உற்பத்தி தொடங்கியது. குடும்ப நலத் திட்டத்தின்கீழ் 'நிரோத்' என்னும் பெயரில் மூன்று ஆணுறைகள் கொண்ட உறை 15 பைசாவுக்கு விற்கப்பட்ட காலம் அது. விற்பனை விலைக்கும் அடக்கவிலைக்கும் இடையிலான பள்ளத்தை அரசு நிரப்பியது. எனவே ஓர் ஆணுறையின் அடக்கவிலை என்ன என்ற கேள்வி, தொழிற்சாலைக் கணக்கரின் மேசையோடு நின்றுவிடவில்லை. குடும்ப நல வரவு செலவுத் திட்டத்தின் கேள்வியாகவும் அது இருந்தது.

தொடக்கத்தில் இக்கேள்விக்கு விடை காண்பது எளிது. ஒரே பொருள், ஒரே வாங்குநர், பெரும் அளவு. மொத்தச் செலவை மொத்த எண்ணிக்கையால் வகுத்தால் போதும். ஆனால் 1987இல் 'மூட்ஸ்' என்னும் வணிகப் பெயரில் சந்தைக்கான ஆணுறை வெளிவந்தது. பின்னர் இரத்தப் பைகள், காப்பர் டி, கருத்தடை மாத்திரைகள் எனப் பொருள்கள் பெருகின. 2009இல் நிறுவனத்தின் பெயரே ஹெச்.எல்.எல். லைஃப்கேர் என்று மாறிற்று. இலவச வழங்கலுக்கும் கடை விற்பனைக்கும் ஏற்றுமதிக்கும் பொருள் செய்யும் எந்தத் தொழிற்சாலையிலும் வகுத்தல் கணக்கு தன் எளிமையை இழந்துவிடுகிறது. பொதுவான செலவில் எப்பொருளுக்கு எவ்வளவு பங்கு என்பதே அப்போது எழும் சிக்கல்.

மேற்செலவு என்பது எது?

ஆணுறை உற்பத்தியில் இயற்கை ரப்பர்ப் பால், கந்தகம் முதலிய கலவைப் பொருள்கள், உறையிடும் தகடு ஆகியவை நேரடிப் பொருட்செலவு. பொருளைக் கையாளும் தொழிலாளியின் ஊதியம் நேரடிக் கூலி. எஞ்சியவை யாவும் மேற்செலவு. ரப்பர்ப்பாலைக் கலந்து பதப்படுத்தும் கூடம், கண்ணாடி அச்சுகளை ரப்பர்ப்பாலில் முக்கி எடுக்கும் தொடர் எந்திரம், அதற்கான நீராவி, மின்சாரம், தேய்மானம், பழுதுபார்ப்பு, ஒவ்வோர் உறையிலும் நுண்துளை உண்டா என ஆராயும் மின்சோதனை, காற்றடைத்து வெடிக்கச் செய்யும் ஆய்வு, நீர்க்கசிவு ஆய்வு, பண்டகசாலை, மேற்பார்வை, காவல், சிற்றுண்டிச்சாலை என அது நீளும். சட்ட விதிகள் ஆணுறைகளுக்குத் தர அளவுகளை வகுத்திருப்பதால், தர ஆய்வைச் சிக்கனம் கருதிக் குறைத்துவிட இயலாது. இத்தகைய தொழிலில் நேரடிக் கூலி சிறிது, மேற்செலவு பெரிது.

பழைய முறையில் மேற்செலவு முதலில் துறைவாரியாகத் திரட்டப்படும். பின்னர் நேரடிக் கூலி, உழைப்பு மணி, எந்திர மணி ஆகியவற்றுள் ஒன்றை அடிப்படையாகக் கொண்டு ஒரு வீதம் கணக்கிடப்பட்டு, அவ்வீதத்தில் பொருளின்மீது ஏற்றப்படும். கூலியே பெருஞ்செலவாக இருந்த காலத்தில் கூலியை அளவுகோலாகக் கொண்டதில் பெருந்தவறு இல்லை. ஆயினும் அக்காலத்திலேயே இதற்கு மறுப்பு எழுந்தது. ஹாமில்டன் சர்ச் என்னும் பொறியியலாளர் 1901இல் எழுதிய கட்டுரைகளில், ஒவ்வோர் எந்திர மையத்திற்கும் தனி வீதம் வேண்டும் என்று வாதிட்டார். ஒரே வீதத்தைத் தொழிற்சாலை முழுமைக்கும் பயன்படுத்தும் வழக்கம் அதன் பின்னரும் பல்லாண்டு நீடித்ததற்குக் காரணம், அது சரி என்பதைவிட எளிது என்பதேயாகும்.

ஓர் எடுத்துக்காட்டு

பின்வரும் எண்கள் விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்டவை. எந்த நிறுவனத்தின் கணக்கேட்டிலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல. ஒரு தொழிற்சாலை மாதந்தோறும் அரசு வழங்கலுக்கு 90 லட்சம் சாதாரண ஆணுறைகளும், சந்தைக்கு 10 லட்சம் வண்ண ஆணுறைகளும் செய்வதாகக் கொள்வோம். ஆயிரம் உறைகளுக்கு, இரு வகைக்கும், 0.2 எந்திர மணி தேவை. ஆகவே அரசு வகைக்கு 1,800 மணி, சந்தை வகைக்கு 200 மணி. மாத மேற்செலவு ரூ.20 லட்சம்.

பழைய முறையில் ஒரு மணிக்கான வீதம் ரூ.1,000. ஆயிரம் உறைகளின்மீது ஏறும் மேற்செலவு இரு வகைக்கும் ரூ.200, அதாவது உறைக்கு 20 பைசா. இரு பொருள்களும் எந்திரத்தில் ஒரே நேரத்தைப் பிடிப்பதால் ஒரே சுமையை ஏற்கின்றன. கணக்கு நேர்மையானதாகவே தோன்றும்.

இனி, அந்த ரூ.20 லட்சம் எந்தெந்தச் செயலுக்காகச் செலவாயிற்று எனப் பார்ப்போம். எந்திரத்தை ஓட்ட ரூ.8 லட்சம். ஒரு கலவையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது தொட்டியைக் கழுவி, வண்ணம் மாற்றி, எந்திரத்தைச் சீர்செய்ய ரூ.3 லட்சம். தர ஆய்வுக்கூடத்திற்கு ரூ.4,25,000. உறையிடும் பிரிவில் அச்சு மாற்றவும், அட்டைப் பெட்டிகளைத் தருவித்து அடுக்கவும் ரூ.2,75,000. நிர்வாகம், காவல் முதலிய பொதுச் செலவு ரூ.2 லட்சம்.

இவற்றுள் எந்திர ஓட்டம் மட்டுமே எந்திர மணியைப் பொறுத்தது. ஒரு மணிக்கு ரூ.400 வீதம் அரசு வகைக்கு ரூ.7,20,000, சந்தை வகைக்கு ரூ.80,000 ஆகும். கலவை மாற்றமோ மாதத்தில் 30 முறை நிகழ்கிறது. அதில் 20 முறை வண்ண உறைகளுக்காக. முறைக்கு ரூ.10,000 வீதம், சந்தை வகையின் பங்கு ரூ.2 லட்சம், அரசு வகையின் பங்கு ரூ.1 லட்சம். தர ஆய்வு தொகுதிவாரியாக நடப்பது. அரசு வகை 2 லட்சம் உறைகள் கொண்ட 45 தொகுதிகளாகவும், சந்தை வகை 25,000 உறைகள் கொண்ட 40 தொகுதிகளாகவும் வருகின்றன. சிறு தொகுதிக்கும் பெருந்தொகுதிக்கும் ஆய்வாளரின் வேலை ஏறத்தாழ ஒன்றே என்று கொண்டால், தொகுதிக்கு ரூ.5,000 வீதம் முறையே ரூ.2,25,000, ரூ.2,00,000. உறையிடும் பிரிவில் 55 அச்சு மாற்றங்களில் 50 சந்தை வகைக்கானவை. அதன் பங்கு ரூ.2,50,000, அரசு வகைக்கு வெறும் ரூ.25,000. பொதுச் செலவை எண்ணிக்கைப்படி 9:1 என்று பிரித்தால் ரூ.1,80,000, ரூ.20,000.

கூட்டிப் பார்க்கையில் அரசு வகையின் மேற்செலவு ரூ.12,50,000, சந்தை வகையின் மேற்செலவு ரூ.7,50,000. உறை ஒன்றுக்கு முன்னதற்கு ஏறத்தாழ 14 பைசா, பின்னதற்கு 75 பைசா. பழைய கணக்கு இரண்டுக்கும் 20 பைசா என்று கூறியதை நினைவில் கொள்ள வேண்டும்.

இதனால் யாருக்கு என்ன? அரசு, அடக்கவிலையோடு ஒரு நியாயமான இலாபம் சேர்த்து விலை தருவதாக இருப்பின், பழைய கணக்கின்படி மாதம் ரூ.5,50,000, ஆண்டுக்கு ரூ.66 லட்சம் கூடுதலாக ஏற்கிறது. வண்ண உறைகளின் கலவை மாற்றத்துக்கும் அச்சு மாற்றத்துக்கும் ஆன செலவு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாக வழங்கப்படும் உறையின் விலையில் புகுந்துகொள்கிறது. மறுபுறம், சந்தை வகையின் நேரடிச் செலவு உறைக்கு 60 பைசா என்றும் விற்பனை விலை ரூ.1.20 என்றும் கொண்டால், பழைய கணக்கு 40 பைசா இலாபம் காட்டும். செயல்வழிக் கணக்கு 15 பைசா இழப்பைக் காட்டும். மேலாளர் இலாபம் என நம்பி விற்பனையைப் பெருக்கிக்கொண்டே போவார். உள்ளூரவே ஒரு பொருள் மற்றொன்றுக்கு மானியம் அளிப்பதும், அது எந்த ஆவணத்திலும் தென்படாததும் இம்முறையின் குறை.

அரசு அலுவலர்களுக்கு இது புத்தகச் சிக்கல் அன்று. தொழில் பொருள்களின் விலையை அடக்கவிலையின் அடிப்படையில் ஆராய 1970இல் தொழில் அடக்கவிலை, விலைகள் பணியகம் நிறுவப்பட்டது. 1999இல் அது தீர்வை ஆணையத்துடன் இணைக்கப்பட்டது. நிதி அமைச்சகத்தின் தலைமைச் செலவு ஆலோசகர் அலுவலகமும் இத்தகைய ஆய்வுகளை மேற்கொண்டு வந்துள்ளது. விலை ஆய்வுக்குச் செல்லும் அலுவலர் மொத்தச் செலவு சரிதானா என்று சரிபார்ப்பதோடு, அம்மொத்தம் எந்த அளவுகோலால் பிரிக்கப்பட்டது என்பதையும் கேட்டாக வேண்டும். மேற்காட்டிய எடுத்துக்காட்டில் ரூ.20 லட்சம் என்னும் மொத்தத்தில் ஒரு பைசா பிழையும் இல்லை.

செயல்வழி முறையின் தோற்றம்

இம்முறைக்கு ஒழுங்கான வடிவம் தந்தவர்கள் அமெரிக்காவின் ராபின் கூப்பர், ராபர்ட் கேப்லன் ஆகியோர். ஜான்சனும் கேப்லனும் 1987இல் வெளியிட்ட நூலொன்று, மேலாண்மைக் கணக்கியல் தொழிற்சாலையின் உண்மை நிலையோடு தொடர்பற்றுப் போயிற்று என்று கண்டித்தது. ஜான் டியர் என்னும் வேளாண் எந்திர நிறுவனத்தின் உதிரிப் பாகப் பிரிவின் அனுபவம் அப்போது பெரிதும் பேசப்பட்டது. பெருந்தொகையாகச் செய்யவேண்டிய பாகங்களுக்கான வாய்ப்புகளை அப்பிரிவு விலைப் போட்டியில் இழந்து, சிறு எண்ணிக்கைப் பாகங்களையே பெற்றுவந்தது. தன் கணக்கு முறை முன்னவற்றின்மீது மிகையாகவும் பின்னவற்றின்மீது குறைவாகவும் சுமையேற்றியதே காரணம் எனக் கண்டது.

கூப்பர் செலவுகளை நான்கு படிநிலைகளாக வகுத்தார்: ஒவ்வோர் அலகோடும் கூடுவது, ஒவ்வொரு தொகுதியோடும் கூடுவது, ஒரு பொருள் வகையைத் தாங்குவது, தொழிற்சாலை முழுமையையும் தாங்குவது. மாணவர்கள் இதில் ஊன்றி நிற்றல் நலம். எடுத்துக்காட்டில் கலவை மாற்றமும் தர ஆய்வும் தொகுதிச் செலவுகள். ரூ.2 லட்சம் பொதுச் செலவு நான்காம் படியைச் சார்ந்தது. அதை 9:1 எனப் பிரித்ததற்குக் காரண காரியத் தொடர்பு எதுவும் இல்லை. செயல்வழி முறை எல்லாச் செலவுக்கும் உண்மையான உரியவரைக் கண்டுபிடித்துவிடும் என்று எண்ணுவது மிகை.

இன்னொரு பிழையும் வழக்கமாக நேர்கிறது. சந்தை வகையை நிறுத்திவிட்டால் ரூ.7,50,000 மிச்சமாகும் என்று கருதுவது அது. ஆய்வாளரின் ஊதியமும் எந்திரத்தின் தேய்மானமும் மறுநாளே மறைந்துவிடுவதில்லை. சிறு தொகுதிகளை இணைத்து மாற்றங்களின் எண்ணிக்கையைக் குறைப்பது, விலையைத் திருத்துவது, உறையின் வடிவ வகைகளைச் சுருக்குவது ஆகியனவே இக்கணக்கு முதலில் காட்டும் வழிகள்.

இம்முறை எங்கும் தேவைப்படுவதுமில்லை. அதே நகரின் கொச்சுவேளியில் 1946இல் தோன்றிய திருவாங்கூர் டைட்டானியம் நிறுவனத்தைப் போன்று, கந்தக அமிலச் செய்முறையில் டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் ஒரே முக்கியப் பொருளைத் தொடர்ந்து செய்யும் ஆலையில், செய்முறை அடக்கவிலை முறையே பெரும்பாலும் போதும். செயல்களைத் தேடிப் பிரிக்கும் உழைப்புக்கேற்ற பயன் அங்குச் சிறிது.

அந்த உழைப்பும் சிறிதன்று. ஒவ்வொருவரும் எந்தச் செயலுக்கு எத்தனை விழுக்காடு நேரம் செலவிடுகிறார் என்று கேட்டறிய வேண்டும். கேட்டால் எல்லோருடைய விடையும் கூட்டுத்தொகையில் 100 விழுக்காடாகவே இருக்கும். வேலையின்றி இருந்த நேரத்தை எவரும் எழுதித் தருவதில்லை. இதனை உணர்ந்தே கேப்லனும் ஆண்டர்சனும் 2004இல் நேரவழிச் செயல்முறையை முன்வைத்தனர். அதில் கிடைக்கத்தக்க கொள்திறனைக் கொண்டு வீதம் கணக்கிட்டு, பயன்படாத கொள்திறனின் செலவைத் தனியே காட்டுவர்.

பயன்படாத கொள்திறன்

அரசு வழங்கலை நம்பிய தொழிற்சாலைக்கு இதுவே முதன்மையான சிக்கல் எனலாம். நம் எடுத்துக்காட்டில் எந்திரங்கள் மாதம் 2,500 மணி ஓட வல்லவை என்று கொள்வோம். ரூ.8 லட்சத்தை ஓடிய 2,000 மணியால் வகுக்காமல் 2,500ஆல் வகுத்தால் வீதம் ரூ.320. பொருள்களின்மீது ஏறுவது ரூ.6,40,000, எஞ்சிய ரூ.1,60,000 பயன்படாத கொள்திறனின் செலவாகத் தனியே நிற்கும்.

இப்போது அரசின் கொள்முதல் பாதியாகக் குறைந்தால் எந்திரங்கள் 1,100 மணியே ஓடும். எந்திரச் செலவு முழுவதும் நிலையானது என்று வைத்துக்கொண்டு, ஓடிய மணியால் வகுத்தால் வீதம் ரூ.400இலிருந்து ரூ.727 ஆக உயரும். ஆயிரம் உறைகளின் எந்திரச் செலவு ரூ.80இலிருந்து ரூ.145 ஆகிவிடும். தொழிலாளி மெத்தனமாக இல்லை, பொருள் வீணாகவில்லை; எனினும் அடக்கவிலை ஏறிற்று. விலை ஏறிற்று என்று கொள்முதல் மேலும் குறைந்தால் வீதம் மேலும் ஏறும். கொள்திறனால் வகுத்த கணக்கிலோ ஆயிரத்துக்கு ரூ.64 மாறாது நிற்கும். பயன்படாத கொள்திறனின் செலவு மட்டும் ரூ.4,48,000 ஆக வளரும்.

இந்தியச் செலவுக் கணக்காளர் நிறுவனத்தின் மேற்செலவு பற்றிய தரநிலையும், நிலையான உற்பத்தி மேற்செலவை இயல்பான கொள்திறனின் அடிப்படையில் ஏற்றுமாறும், பகிர்வில் காரண காரியத் தொடர்பையும் பெற்ற பயனையும் பார்க்குமாறும் கூறுகிறது. அதன்படி தனியே நிற்கும் அந்த ரூ.4,48,000ஐ ஏற்பது யார்? எந்திரங்கள் அரசின் தேவைக்கெனவே நிறுவப்பட்டிருந்தால், அது கொள்முதல் செய்யும் அமைச்சகம் முடிவு செய்ய வேண்டியது. சந்தையை எதிர்பார்த்து நிறுவனம் தானே விரிவாக்கியதாக இருந்தால், அது நிறுவனத்தின் இலாப நட்டக் கணக்கில் சேர வேண்டியது. எந்திரம் வாங்கிய நாளில் ஒப்புதல் வழங்கிய கோப்பில் எழுதப்பட்ட காரணமே இதற்கு விடை தரும். விலை ஆய்வுக்குழு முதலில் கேட்டுப் பெறவேண்டிய ஆவணமும் அதுவே.